2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் படிவம் 5, எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவர்களுக்கு வார இறுதிகளில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரியில் கணினித் துறையை எடுத்துப் படிக்கும் பழைய மாணவர்களும் அவ்வப்போது வந்து உட்கார்வதுண்டு. இரு தரப்பினரும் வெவ்வேறு வழியாக ஒரே எண்ணிடம் வந்து சேர்கிறார்கள். முதல் தரப்பினருக்கு அது பாடநூலில் இல்லாத ஒரு பெரிய பகா எண். மற்றவர்களுக்கோ, தாங்கள் எழுதிய நிரலில் எங்கிருந்தோ முளைத்து நிற்கும் எண். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஐயங்களைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. டீச்சர், இந்த எண்ணை வாயால் எப்படிச் சொல்வது? உண்மையில் இது அவ்வளவு பெரியதா?

நம் பள்ளிக் கணக்கில் 2 பில்லியனே 147 மில்லியனே 483 ஆயிரத்து 647 என்று சொல்லலாம்; பாட்டன் காலத்துக் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நொடிக்கு ஓர் எண் வீதம் 1, 2, 3 என்று இடைவிடாமல் எண்ணிக்கொண்டே போனால் இதை எட்டுவதற்கு 68 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இந்த 68-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; 11ஆம் கேள்வியில் அது மீண்டும் வரும்.

இன்றைய கணிதத்தில் இது சிறிய எண்தான். ஆனால் கையால் கணக்குப் போட்ட காலத்தில், பகா எண் என்று ஐயமற நிறுவப்பட்டவற்றுள் மிகப் பெரியது என்ற பெயர் பல பத்தாண்டுகள் இதற்கே இருந்தது.

2. இது 2³¹ − 1 என்கிறீர்கள். கால்குலேட்டர் இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது?

2¹⁰ = 1024 என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். 1024-ஐ 1024-ஆல் பெருக்கினால் 2²⁰ = 1048576 கிடைக்கும். அதை மறுபடியும் 1024-ஆல் பெருக்கினால் 2³⁰ = 1073741824. அதை இரட்டித்தால் 2147483648; ஒன்றைக் கழித்தால் நம் எண். இரும முறையில் எழுதினால் இது வரிசையாக 31 ஒன்றுகள், இடையில் ஒரு சுழியமும் கிடையாது.

இதிலிருந்து உடனே ஒன்று தெரிகிறது: 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. பார்ப்பதற்கு அற்பமான செய்தியாகத் தோன்றும். ஆனால் இந்தப் பக்கத்தில் வரும் பண்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன என்பதால், அவற்றைத் தனித்தனி அதிசயங்களாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்றே என் மாணவர்களிடம் சொல்வேன்.

3. 3-ஆல் போகாது, 7-ஆல் போகாது என்று வகுத்துப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள்?

எண்ணின் வடிவம் தெரிந்திருப்பதால்தான். 2³ = 8; அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2³⁰-க்கும் மீதி 1, 2³¹-க்கு மீதி 2, ஒன்றைக் கழித்தால் நம் எண்ணுக்கு மீதி 1. இதே போல 2¹⁰ = 1024 = 93 × 11 + 1 என்பதால் 11-ஆல் வகுத்தாலும் மீதி 1. 2⁵ = 32 என்பதால் 31-ஆல் வகுத்தாலும் மீதி 1. இலக்கங்களின் கூட்டுத்தொகை 46 என்பதால் 3-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான்.

எல்லாவற்றிலும் 1 வருவது தற்செயல் அல்ல. நம் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 2147483646 என்ற எண் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331 என்று பிரிகிறது. இந்தக் காரணிகள் எதனால் வகுத்தாலும் நம் எண்ணுக்கு மீதி 1-ஆகத்தான் இருக்க முடியும். இந்தப் பிரிப்பு 12ஆம் கேள்விக்குத் தேவைப்படும்.

4. 31 பகா எண். அதனால்தான் 2³¹ − 1-உம் பகா எண், சரிதானே?

பாதி சரி. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருவதும் கட்டாயம் பகு எண்தான். எடுத்துக்காட்டாக 2¹⁵ − 1 = 32767; 15-இன் காரணிகள் 3-உம் 5-உம் என்பதால் 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31 ஆகிய இரண்டும் அதை மீதியின்றி வகுக்கும்.

ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 11 பகா எண்தான்; இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. தேர்வில் யாராவது ‘அடுக்கு பகா எண், ஆகவே விடையும் பகா எண்’ என்று எழுதினால் நான் முதலில் எழுதிக் காட்டுவது இந்த 2047-ஐத்தான். 23, 89 ஆகிய இரண்டிலும் 1-ஐக் கழித்தால் வரும் 22, 88 இரண்டும் 22-இன் மடங்குகள், அதாவது 2 × 11-இன் மடங்குகள் என்பதையும் கவனியுங்கள்.

5. கணினியே இல்லாத காலத்தில் இதைப் பகா எண் என்று எப்படி நிரூபித்தார்கள்?

நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். 1772-இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தெரிவித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்று அதற்கு இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அந்த எல்லைக்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பது யாருக்கும் நடவாத காரியம் இல்லை. ஆனால் பிழை நுழைய இடம் அதிகம்.

ஆய்லர் அந்தக் கூட்டத்தை வடிகட்டினார். நம் எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால் அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் இணைத்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். எல்லைக்குள் அப்படிப்பட்டவை 63-ஐ விட்டுவிட்டால் 372. அவற்றுள் பகா எண்கள் 84 மட்டுமே. 4792 வகுத்தல்கள் 84-ஆகச் சுருங்கிவிட்டன.

முதல் சிலவற்றை நீங்களே போட்டுப் பாருங்கள். வரிசையில் முதல் பகா எண் 311; நம் எண்ணை அதனால் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. அதற்கடுத்தது 1489, மீதி 199. இடையில் வரும் 497, 559, 745 போன்றவை பகு எண்கள் என்பதால் அவற்றைத் தொட வேண்டியதே இல்லை. இப்படி 84-உம் மீதியோடு முடிந்துவிட்டால் நிரூபணம் முடிந்தது.

6. அந்த 62-உம் 8-உம் எங்கிருந்து வந்தன? அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே!

வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘காரணி’ என்றே அழைப்போம். அப்படியானால் 2³¹-ஐக் காரணியால் வகுக்க மீதி 1. 2-இன் அடுக்குகளை 2, 4, 8, 16 என்று வரிசையாகக் காரணியால் வகுத்துக்கொண்டே போனால் முதன்முதலில் மீதி 1 வரும் இடம் 31-இன் ஒரு வகுத்தியாக இருக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்த இடம் 1 அல்லது 31, 2¹-க்கு மீதி 1 வர வாய்ப்பில்லை, ஆகவே 31. பெர்மாவின் சிறு தேற்றப்படி, காரணியிலிருந்து 1-ஐக் கழித்த எண்ணை அடுக்காகக் கொண்டாலும் மீதி 1 வரும். எனவே அந்த எண் 31-இன் மடங்கு. காரணி ஒற்றை எண் என்பதால் அது இரட்டையாகவும் இருக்கும். 31-உம் 2-உம் சேர்ந்து 62. 4ஆம் பதிலில் 2047-க்கு 22 வந்ததும் இதே காரணத்தால்தான்.

8-இன் கதை வேறு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, காரணியால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 2 என்பது ஒரு வர்க்க எண்ணாக நடந்துகொள்கிறது. அப்படி 2 வர்க்கமாக அமையும் ஒற்றைப் பகா எண்கள் 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தருபவை மட்டுமே என்பது எண் கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றங்களில் ஒன்று.

7. இன்னும் பெரிய எண்களுக்கும் இப்படி ஒவ்வொன்றாக வகுத்துத்தான் பார்க்கிறார்களா?

இல்லை. 2³¹ − 1 போன்ற வடிவமுள்ள எண்களுக்கென்றே லூக்காஸ்–லெமர் சோதனை என்ற அருமையான வழி இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார் லூக்காஸ் 1876-இல், 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று தம் முறையால் நிறுவினார். 1930-இல் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லெமர் அதை இன்றைய எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையில் உள்ளதை வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளுக்குப் பிறகு மீதி சுழியமாக வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண்.

2⁷ − 1 = 127-ஐ எடுத்துக்கொண்டால் ஐந்து படிகள். 4-இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, 127-ஆல் வகுக்க மீதி 67. 67-இன் வர்க்கம் 4489, இரண்டு போக 4487, மீதி 42. 42-இன் வர்க்கம் 1764, இரண்டு போக 1762, மீதி 111. 111-இன் வர்க்கம் 12321, இரண்டு போக 12319. அது சரியாக 97 × 127, மீதி 0. ஆகவே 127 பகா எண். இதே வேலையை 2047-க்கு ஒன்பது படிகள் செய்தால் கடைசியில் 1736 என்று நிற்கும். சுழியம் இல்லை, ஆகவே பகு எண். நம் எண்ணுக்கு 29 படிகள் போதும்.

எந்த வடிவ எண்ணுக்கும் பொருந்தக்கூடிய, ஐயத்துக்கு இடமில்லாத விரைவான சோதனையொன்றை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா ஆகிய மூவரும் அளித்தார்கள். கோட்பாட்டளவில் அது பெரிய சாதனை. ஆனால் 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்களுக்கு நடைமுறையில் லூக்காஸ்–லெமர் சோதனையே வெகு வேகமானது.

8. இதை மெர்சென் எண் என்கிறார்களே, கண்டுபிடித்தவர் அவரா?

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்களுக்குத்தான் அந்தப் பெயர். எந்த அடுக்குகள் பகா எண்ணைத் தரும் என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 31 இருந்தது, நிரூபணம் இல்லை. அவருக்கும் முன்பே 1603-இல் இத்தாலியரான கட்டால்டி 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று எழுதியிருந்தார். நான்கில் 31 மட்டுமே தேறியது. 2²³ − 1-ஐ 47 வகுத்துவிடுகிறது; 47 = 46 + 1 என்பதைப் பார்த்தால் 6ஆம் பதிலின் விதி தெரியும்.

மெர்செனின் பட்டியலிலும் ஓட்டைகள் உண்டு. 67, 257 இரண்டையும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்ற பெருக்கலை அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல் 1903-இல் வெளிப்படுத்தினார். என்னைக் கேட்டால், பெயர் மெர்செனுக்குப் போனாலும் இந்த எண்ணின் பெருமை ஆய்லருக்கே உரியது.

9. கணினியின் எல்லையாக இந்த எண்ணை வைத்தது இது பகா எண் என்பதாலா?

இல்லை, இது தற்செயல். 32 பிட் (இரும இலக்க) இடத்தில் ஒரு முழு எண்ணைக் குறியோடு சேமிக்கும்போது ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிஞ்சிய 31 பிட்டுகளும் ஒன்றுகளாக நிற்கும்போது கிடைக்கும் மிகப் பெரிய எண்தான் 2147483647. 2ஆம் பதிலில் சொன்ன 31 ஒன்றுகள் இவைதாம்.

மற்ற அளவுகளைப் பார்த்தால் தற்செயல் என்பது தெளிவாகும். 8 பிட்டின் எல்லை 127, பகா எண். 16 பிட்டின் எல்லை 32767. 4ஆம் பதிலில் பார்த்தபடி பகு எண். 64 பிட்டின் எல்லை 9223372036854775807; அதன் அடுக்கு 63 என்பதால் 7 அதை வகுத்துவிடும். கணினிக்கு வகுபடுமா என்ற கவலையே இல்லை. 2014 டிசம்பரில் யூடியூப்பில் ஒரு கொரியப் பாட்டின் பார்வைக் கணக்கு நம் எண்ணைத் தாண்டியபோது, அந்தக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். புதிய எல்லை பகா எண்ணா என்று யாரும் பார்க்கவில்லை.

10. என் அட்டவணையில் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் 2147483647 என்றே பதிவாகியிருக்கிறது, டீச்சர். வைரஸா?

வைரஸ் இல்லை. தொலைபேசி எண்ணை 32 பிட் முழு எண்ணாகச் சேமித்ததன் விளைவு. கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், எல்லையைத் தாண்டிய எண்ணைப் பிழை என்று திருப்பி அனுப்பாமல் எல்லையிலேயே வெட்டி வைத்துவிடும். நம் கைப்பேசி எண்களில் முன்னிருக்கும் 0 விழுந்துபோனால் ஒன்பது இலக்கங்களோ, 011 வகை எண்களில் 11 என்று தொடங்கும் பத்து இலக்கங்களோ நிற்கும். இரண்டும் எல்லைக்குள் அடங்கும். நாட்டுக் குறியீடான 60-ஐச் சேர்த்தவுடன் பதினோரு அல்லது பன்னிரண்டு இலக்கங்களாகி வெளியே போய்விடும். அதனால்தான் சோதனையின்போது ஒழுங்காக ஓடிய நிரல் பிறகு குழம்புகிறது.

அடையாள அட்டை எண்ணில் இது இன்னும் வேடிக்கை. பன்னிரண்டு இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. 2000-இல் பிறந்தவருக்கு அவை 00. எண்ணாகச் சேமித்தால் முன் சுழியங்கள் விழுந்து, மாதத்தில் தொடங்கும் எண்ணாகச் சுருங்கி, 1231999999-ஐத் தாண்டாமல் எல்லைக்குள் அடங்கிவிடும். 2001-இல் பிறந்தவர் முதல் மற்ற எல்லாரும் வெளியே. அத்தனை பேருக்கும் 2147483647. கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அதை எழுத்துத் தொடராகவே சேமியுங்கள். பணத்தைச் சென் கணக்கில் 32 பிட்டில் வைத்தாலும் 21,474,836 ரிங்கிட் 47 சென்னோடு நின்றுவிடும்.

11. 2038-இல் கணினிகள் நின்றுவிடும் என்கிறார்களே, அதுவும் இந்த எண்ணால்தானா?

ஆம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளை எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருப்பவை, 1ஆம் பதிலில் சொன்ன 68 ஆண்டுகள் கழிந்ததும், நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு எல்லையை எட்டும். அடுத்த நொடி எண்ணிக்கை −2147483648-க்குக் குதித்து, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழைய கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணினிகளே கவனிக்கப்பட வேண்டியவை.

12. தற்செயல் எண்களை உருவாக்கும் நிரலில் 16807-உம் 2147483647-உம் சேர்ந்தே வருகின்றன. ஏன்?

இங்கேதான் நம் எண் பகா எண்ணாக இருப்பது உண்மையிலேயே பயன்படுகிறது. கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று தொடரும். 1 முதல் 2147483646 வரை உள்ள எல்லா எண்களும் ஒரு முறை வந்த பிறகே 1 திரும்ப வரும். 1988-இல் ஸ்டீபன் பார்க்கும் கீத் மில்லரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். நிரல் சரியா என்று பார்க்க, 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் படிகளுக்குப் பிறகு 1043618065 வர வேண்டும் என்ற அளவுகோலையும் தந்தார்கள். சூதாட்டத்துக்கோ மறைகுறியாக்கத்துக்கோ ஏற்ற தரம் அதற்கு இல்லை. பாடத்துக்கும் எளிய உருவகப்படுத்தலுக்கும் போதும்.

16807 என்பது 7⁵. 7-இன் அடுக்குகள் நம் எண்ணின் மீதிகள் அத்தனையையும் சுற்றி வருகின்றன. 7⁵-உம் அப்படியே சுற்றி வர வேண்டுமென்றால் 2147483646-ஐ 5 வகுக்கக் கூடாது. 3ஆம் பதிலில் உள்ள காரணிகளைப் பாருங்கள், 5 இல்லை.

வகுத்தலும் இங்கே எளிது. 2³¹-க்கு மீதி 1 என்பதால், பெருக்கி வந்த விடையில் எத்தனை 2³¹ இருக்கிறதோ அந்த எண்ணிக்கையையும் மிச்சத்தையும் கூட்டினாலே போதும். 282475249 × 16807 = 4747561509943. இதில் 2147483648 என்பது 2210 முறை போகிறது, மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. மேலே உள்ள வரிசையில் மூன்றாவது எண் அதுதான். ஓர் எண்ணை 9-ஆல் வகுத்து மீதி காண இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே தந்திரம்.

13. 16807-க்குப் பதில் 2-ஐ வைத்தால் வேகமாக இருக்குமே?

வேகமாக இருக்கும், 31 படிகளில் முடிந்தும் போகும். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1073741824-ஐ அடைந்ததும் அடுத்த படியில் 2³¹ வருகிறது; அதன் மீதி 1. மறுபடியும் முதலிலிருந்து அதே 31 எண்கள். 214 கோடி எண்கள் இருக்கும் இடத்தில் 31 மட்டும்.

14. இந்த எண்ணின் மீதிக் கணக்கில் 2-க்கு முழு எண்ணாகவே வர்க்கமூலம் உண்டு என்பது உண்மையா?

உண்மை, விடை 65536. அதன் வர்க்கம் 4294967296, நம் எண்ணின் இருமடங்கு 4294967294, மீதி 2. இது 6ஆம் பதிலில் காரணிக்குச் சொன்ன அதே 2¹⁶. அங்கே இல்லாத காரணியைப் பற்றி ஊகித்தது இங்கே நம் எண்ணுக்கே பொருந்துகிறது. −1-க்கு அப்படி வர்க்கமூலம் கிடையாது, ஏனென்றால் நம் எண்ணை 4-ஆல் வகுக்க மீதி 3. அதே காரணத்தால் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவும் முடியாது.

15. இது இரட்டைப் பகா எண் ஜோடியில் சேருமா?

சேராது. இரண்டு குறைத்தால் வரும் 2147483645 என்பது 5-இல் முடிகிறது. இரண்டு கூட்டினால் வரும் 2147483649 என்பது 2³¹ + 1. அதை 3 வகுக்கும். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. சிறியதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் இது 105097565ஆவது பகா எண்.

இதை இரட்டித்து 1 கூட்டினால் 2³² − 1. அதையும் 3 வகுக்கும் என்பதால் இது சோபி ஜெர்மேன் பகா எண்ணும் இல்லை.

16. நிறைவு எண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் எண் நிறைவு எண்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருவது பகா எண்ணாக இருந்தால், அதை 2-இன் அதற்கு முந்தைய அடுக்கால் பெருக்கக் கிடைப்பது நிறைவு எண் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவு எண்கள் எல்லாமே இந்த வடிவில்தான் இருக்கும் என்று ஆய்லர் நிறுவினார். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. அது எட்டாவது நிறைவு எண். ஒற்றைப்படை நிறைவு எண் ஒன்றாவது உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி.

17. வங்கிச் செயலியில் பகா எண்களால்தான் பூட்டுப் போடுகிறார்களாம். இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியாக்க முறையின் பலம், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த விடையிலிருந்து அவற்றைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்பதில் இருக்கிறது. 2048 பிட் சாவிக்கு ஒவ்வொரு பகா எண்ணும் 300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. பத்து இலக்க எண்ணைக் கைப்பேசியே கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடும். அளவு பெரிதாக இருந்தாலும், உலகறிந்த பகா எண் இரகசியத்துக்கு உதவாது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாலே பூட்டு திறந்துவிடும்.

18. அப்படியானால் இன்று தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது? இதைவிட எவ்வளவு பெரியது?

2136279841 என்று ஒட்டி எழுதிவிடாதீர்கள், அடுக்குதான் 136279841. அதாவது 2-ஐ 136279841 முறை பெருக்கி 1-ஐக் கழிக்க வேண்டும். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர், மெர்சென் பகா எண்களைத் தேடும் இணையக் கூட்டுமுயற்சியின் வழி, வரைகலைச் செயலிகளைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தார். அதில் 41024320 இலக்கங்கள் இருக்கின்றன. உறுதி செய்யப்பட்டது 7ஆம் பதிலில் உள்ள அதே லூக்காஸ்–லெமர் சோதனையால்தான். தெரிந்த மெர்சென் பகா எண்களில் இது 52ஆவது. நம் எண் 8ஆவது. இவை முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது நிரூபிக்கப்படவில்லை.

1811-இல் ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ, 16ஆம் பதிலில் உள்ள எட்டாவது நிறைவு எண்ணைவிடப் பெரியது ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாது என்று எழுதினார். பயன் எதுவும் இல்லாததால் யாரும் முயலமாட்டார்கள் என்பது அவர் வாதம். எண்ணின் கடினத்தை அவர் சரியாகவே கணித்தார் என்றும், மனிதர்களின் பிடிவாதத்தைத்தான் கணக்கில் எடுக்கவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

19. 2147483647-ஐயே அடுக்காக வைத்து, 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் அதுவும் பகா எண்ணாகுமா?

நல்ல கேள்வி, ஏனென்றால் நம் எண்ணே அப்படிப் பிறந்ததுதான். 5-ஐ அடுக்காக வைத்தால் 31. 31-ஐ அடுக்காக வைத்தால் 2147483647. இரண்டும் பகா எண்கள். அடுத்த படியில் கிடைப்பது 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். 18ஆம் பதிலில் உள்ளதைவிடப் பல மடங்கு நீளமானது. அது பகா எண் இல்லை. 295257526626031 என்ற எண் அதை மீதியின்றி வகுக்கிறது.

இந்தக் காரணியிடம் 6ஆம் பதிலின் விதிகளைப் பொருத்திப் பாருங்கள். அங்கே 31-க்கு 62 வந்தது போல, இங்கே 2147483647-க்கு அதன் இருமடங்கான 4294967294 வர வேண்டும். காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது மிகச் சரியாக 68745 × 4294967294. 8-ஆல் வகுத்தால் மீதி 7. 4ஆம் பதிலின்படி, பகு எண்ணை அடுக்காகக் கொண்டால் பகு எண்ணே கிடைக்கும் என்பதால் 5-இல் தொடங்கிய இந்தத் தொடர் அதற்கு மேல் பகா எண் எதையும் தராது. 2-இல் தொடங்கும் 3, 7, 127, 2¹²⁷ − 1 என்ற தொடரில் இதுவரை எல்லாமே பகா எண்கள். அதன் அடுத்த உறுப்பு பகா எண்ணா என்பதை இன்றுவரை எவரும் தீர்க்கவில்லை.